ஐந்து நாள் வழக்கம்

இல்லைத் தம்பி, பரவாயில்லை, மடியிலையே இருக்கட்டும். மேல்தட்டிலை வைக்கேலாது. பஸ் குலுக்கி விழுந்தால் என்ர வேலை போச்சு. சாப்பாடு இல்லை, படம். ஓம், சினிமாப் படம்தான். முந்தி எண்டால் ஒரு படத்துக்கு ஆறு தகரப் பெட்டி, ஒவ்வொண்டும் கல்லு மாதிரிப் பாரம். இப்ப முழுப் படமும் இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளை அடங்கியிட்டுது. பின்னேரம் அஞ்சு மணிக்கு கத்தானியாவிலை காட்டுகினம். நான் கொண்டுபோய்க் குடுத்து, காட்டி முடிய வாங்கிக்கொண்டு வரவேணும்.

நீங்கள் இந்தியாவோ? கதையிலை தெரியுது. படிக்க வந்தனீங்களோ? நல்லது, நல்லாய்ப் படியுங்கோ. நான் யாழ்ப்பாணம், அளவெட்டி. பலெர்மோவுக்கு வந்து முப்பத்திரண்டு வருசம். யோகலிங்கம் எண்டு பேர். இத்தாலிக்காரருக்கு அது வாயிலை வராது, லிங்கோ எண்டு வெட்டிப்போட்டினம். வெட்டினால் வெட்டட்டும், நான் மறுக்கேல்லை.

சினெத்தேக்கா எண்டு ஒரு இடம் இருக்கு. பழைய படங்களைத் தேடிப் பிடிச்சு, ஊத்தை துடைச்சு, கிழிஞ்சதை ஒட்டி, குளிர் அறையிலை வைச்சுப் பாதுகாக்கிற இடம். முந்தி கன்னியாஸ்திரிமாற்றை மடமாம். மேலை அறையள், கீழை படம் காட்டுற மண்டபம். வெயில் காலம் வந்தால் முத்தத்திலை திரை கட்டி விழா. அந்தச் சனத்துக்குப் படம் எண்டால் எங்கடை ஆக்களுக்குக் கோயில் திருவிழா மாதிரி. ஒரு படம் முடிய பத்து நிமிசம் நிண்டு கைதட்டுவினம். பிறகு வெளியிலை நிண்டு அதே படத்துக்காக ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பினம். நான் அங்கை கூட்டித் துடைக்கப் போனவன். பிறகு பெட்டி தூக்கினன். பிறகு படம் ஓட்டவும் பழகினன். இருபத்தைஞ்சு வருசம் ஒரே இடத்திலை நிக்கிறன் தம்பி. எங்கடை ஆக்களிலை ஆர் நிண்டிருக்கினம் அப்பிடி?

ஆனா பாருங்கோ, அந்த இடம்தான் என்னைக் கொண்டுபோய்ச் சந்தியிலை நிப்பாட்டினது. அந்த மனிசியும், குகதாசனும், என்ர தங்கச்சியும். மூண்டு பேருமாய்ச் சேந்து. சொல்லுறன் கேளுங்கோ. நான் ஒண்டும் கூட்டிச் சொல்லமாட்டன்.

மனிசி எண்டது எங்கடை சினெத்தேக்காவின்ர தலைவி. அந்தோனெல்லா எண்டு பேர். படிச்ச மனிசி, வடிவாய்க் கதைப்பா, ஆளைப் பாத்தால் கோவமே வராது. போன வருசம் அவவுக்கு ஒரு யோசினை வந்தது. இந்த நகரத்திலை இருக்கிற எல்லாச் சனத்தின்ர வீட்டுப் படங்களையும் சேக்கவேணுமாம். கலியாணம், பிறந்தநாள், கடற்கரைக்குப் போனது, எல்லாம். இத்தாலிக்காரர் தாத்தாமார் எடுத்த சின்னச் சுருளுகளைக் கொண்டுவந்து குடுத்தினம். தூனிசியாக்காரர் குடுத்தினம். எங்கடை ஆக்களும் குடுத்தினம், எல்லாம் கலியாண வீடியோ. நாப்பது கசற் வந்தது. நாப்பதிலையும் பொம்பிளை ஒரே மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு வாறா, மாப்பிளை ஒரே மாதிரி வேர்க்கிறார்.

மனிசி ரெண்டு பாத்திட்டு என்னட்டை வந்தா. "லிங்கோ, நீங்கள் வேறை ஒண்டும் எடுக்கிறேல்லையோ?" எண்டா.

நான் சொன்னன், செத்தவீடும் எடுப்பம் எண்டு.

நீங்கள் சாவு வீடு எண்டு சொல்லுவியள் என்ன? நாங்கள் செத்தவீடு எண்டுதான். உங்கடை பக்கம் எடுக்கிறவையோ தெரியாது. எங்களிலை பாதிச் சனம் வெளிநாடு. ஊரிலை ஒரு சாவு எண்டால் உடனை வீடியோக்காரனுக்குத்தான் சொல்லுறது. குளிப்பாட்டிறதிலை இருந்து சுடலை மட்டும் எல்லாம் எடுத்து, கனடாவுக்கு ஒண்டு, லண்டனுக்கு ஒண்டு, இத்தாலிக்கு ஒண்டு எண்டு அனுப்புவினம். வராத பிள்ளையள் பாக்கவேணும் எண்டு.

மனிசியின்ர கண் அப்பிடியே விரிஞ்சுபோச்சு. "அது வேணும் எனக்கு" எண்டா. எங்கடை ஆக்களைக் கேட்டன், ஒருத்தரும் தரேல்லை. மண்டபத்திலை வைச்சுக் காட்டுறதோ, உனக்கென்ன விசரோ எண்டு கேட்டினம். மனிசி ஒவ்வொரு நாளும் "கிடைச்சுதோ லிங்கோ?" எண்டு கேக்கிறா. எனக்கு அவவின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு. என்னட்டை ஒண்டு இருந்தது. குடுத்தன். எங்கடை ஊர்ச் செத்தவீடு எண்டு மட்டும்தான் சொன்னன். வேலை செய்யிற இடத்திலை வீட்டுக்கதை என்னத்துக்கு?

ஓம். என்ர அம்மாவின்ரைதான்.

அம்மா செத்தது 2003 ஆடி மாசம். நான் போகேல்லை. போகேலாமல் போச்சு. அப்ப என்ர விசாக் காட் புதுப்பிக்கக் குடுத்திருந்த நேரம், கையிலை இல்லை. அப்பிடித்தான் பலெர்மோவிலை இருந்த எல்லாருக்கும் சொன்னனான். எல்லாரும் வந்து கையைப் பிடிச்சு அழுதிட்டுப் போனவை. முப்பத்தோராம் நாள் செய்ததும் நான்தான், நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு, ஒரு குறை வைக்கேல்லை.

அந்தக் கசற்றைத் தங்கச்சி அனுப்பினவள். திலகவதி. கலியாணம் கட்டேல்லை, அம்மாவோடையே இருந்தவள். நான் போட்டுப் பாத்தன், பத்து நிமிசம். பிறகு நிப்பாட்டிப்போட்டு, துணியாலை சுத்தி அலுமாரிக்கு மேலை வைச்சிட்டன். திரும்பத் தொடேல்லை. ஏலாது தம்பி, பெத்த தாய். ஆனா அந்த மனிசி நாலு மணித்தியாலமும் பாத்தா. இருட்டு அறையிலை தனிய இருந்து, பாசை விளங்காமல், அழுதழுது பாத்தா. பாத்திட்டு வந்து ஒரு கேள்வி கேட்டா.

"லிங்கோ, மூலையிலை திகதி ஓடுது. பதினொண்டிலை தொடங்குது, பதினைஞ்சிலை முடியுது. ஏன் அஞ்சு நாள்?"

அங்கை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அட்டை எழுதுவினம். ஆர் எடுத்தது, எங்கை, என்ன நடக்குது, ஏன் நடக்குது. அது சரியில்லையெண்டால் மனிசிக்கு நித்திரை வராது. பேனையும் கையுமாய் நிக்கிறா. நான் என்ன செய்யிறது? "அது எங்கடை வழக்கம். அஞ்சு நாள் வைச்சிருந்துதான் எரிக்கிறது" எண்டன். வாயிலை வந்தது, சொன்னன். மனிசி அதை எழுதி, கீழை ரெண்டு கோடும் போட்டா.

நீங்கள் சிரிக்கிறியள். உங்களுக்கே தெரியுது என்ன, அப்பிடி ஒரு வழக்கம் எந்தத் தமிழனுக்கும் இல்லையெண்டு. அண்டைக்கோ அடுத்த நாளோ எடுத்துப்போடுவினம். ஆனா ஒரு தமிழனும் அந்த மண்டபத்துக்கு வரமாட்டான் எண்டு நான் நினைச்சன். வெயில் காலத்து முத்தத்து விழாவை எட்டிப் பாத்திருப்பினம், ஆனா இருபத்தைஞ்சு வருசத்திலை மண்டபத்துக்குள்ளை ஒருத்தன் வந்ததில்லை. மனிசி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் எங்கடை தமிழ்ச் சங்கத்துக்கு எழுதி அறுபது பேருக்கு இடம் ஒதுக்கி வைச்சிட்டா. எனக்குச் சந்தோசமாய் இருக்கட்டும் எண்டாம். ஆர் கேட்டது?

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி. நான் கதவடியிலை நிக்கிறன். குகதாசன் வாறார், அவர்தான் எங்கடை சங்கத் தலைவர், பின்னாலை எங்கடை சனம், பெண்டுகள் எல்லாம் சீலை உடுத்து, என்ர மனிசியும், பெண்சாதியைத்தான் சொல்லுறன், அதுக்குள்ளை.

கடற்கரை, பிறந்தநாள் எல்லாம் ஓடி முடிஞ்சுது. கடைசியிலை இருபத்திரண்டு நிமிசம் எங்கடை. அதுக்கு முதல் மனிசி மேடையிலை ஏறி, தமிழரின்ர அஞ்சு நாள் வழக்கம் எண்டு பேசினா. இறந்தவரை விட்டுப் பிரிய மனமில்லாத ஒரு இனம் எண்டா. இத்தாலிக்காரர் கைதட்டினம். எங்கடை ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாக்கினம். பிறகு திரையிலை பூப்போட்ட எழுத்து வருது: அமரர் நடராசா அன்னப்பிள்ளை அவர்களின் இறுதி யாத்திரை. மண்டபத்திலை இருந்த எங்கடை சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பாத்துது.

நான் அண்டைக்குத்தான் பாத்தன் தம்பி, பத்து நிமிசத்துக்குப் பிறகு என்ன இருந்தது எண்டு. அம்மா விறாந்தையிலை கிடக்கிறா, வெள்ளைப் பெட்டியிலை. பதினொண்டாம் திகதி சனம் நிறைய. பன்னிரண்டு, கொஞ்சம் குறைவு. பதின்மூண்டு, வெறும் கதிரையள். மருந்தடிச்சு வைச்சிருந்தும் அம்மாவின்ர முகம் கறுத்துக்கொண்டு வருது. தங்கச்சி தலைமாட்டிலை இருந்து முகத்திலை மொய்க்கிற இலையான் கலைக்கிறாள், வாசல் படலையைப் பாக்கிறாள், திரும்ப இலையான் கலைக்கிறாள். பதினாலாம் திகதி ஆரோ ஒரு கிழவன் கேக்கிறார், "என்ன பிள்ளை, கொண்ணன் வெளிக்கிட்டிட்டானோ?" எண்டு. அவள் சொல்லுறாள், "ஓம், அண்ணை கொழும்புக்கு வந்திட்டார். காலமை போன் எடுத்தவர். இனி பஸ்தான்" எண்டு.

மண்டபத்திலை அறுபது தமிழர் கேட்டினம். இத்தாலிக்காரருக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஏனெண்டால் மனிசி கீழை எழுத்துப் போடேல்லை. அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாமாம்.

அந்தப் பதினாலாம் திகதி நான் எங்கை நிண்டனான் எண்டு அந்த அறுபதிலை பாதிப் பேருக்குத் தெரியும். பலெர்மோவிலை, அதே மடத்து முத்தத்திலை, விழாவுக்குப் படம் ஓட்டிக்கொண்டு நிண்டனான். குகதாசனே பெண்சாதி பிள்ளையளோடை வந்து பாத்திட்டு எனக்குக் கை காட்டினவர்.

அப்பிடிப் பாக்காதேங்கோ தம்பி. காட் கையிலைதான் இருந்தது, சரி. பாதையும் திறந்து கிடந்தது, சண்டை நிண்டிருந்த காலம். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அது என்ன கிழமை எண்டு தெரியுமோ? எனக்கு முதல் முதல் புரொஜெக்டரைக் கையிலை தந்த கிழமை. ரெண்டு மெசின். ஒண்டிலை சுருள் முடியிற நேரம் திரையின்ர மூலையிலை ஒரு சின்னப் புள்ளி வரும், அந்தப் புள்ளியைக் கண்டு மற்ற மெசினைத் தட்டவேணும். ஒரு கண் சிமிட்டினால் திரை வெள்ளையாய்ப் போயிடும், ஐந்நூறு சனம் விசில் அடிக்கும். ஆறு வருசம் கக்கூஸ் கழுவினவனுக்கு அதைத் தந்தவை. நான் ஊருக்குப் போட்டு வந்தால் திரும்பத் தருவினமோ?

சினெத்தேக்காவிலை அப்ப இருந்த தலைவரிட்டைப் போய்ச் சொன்னன், அம்மா செத்திட்டா எண்டு. "போ லிங்கோ, உடனை போ, தாயல்லோ" எண்டார். ஆனா கையிலை இருந்த கடுதாசியைப் பாத்துக்கொண்டுதான் சொன்னவர். என்ர முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை. அது போ எண்ட கருத்தோ? நீங்களே சொல்லுங்கோ. என்ர மனிசியும் சொன்னாள்தான், போங்கோ எண்டு. ஒருக்கால் சொல்லிப்போட்டு விட்டிட்டாள். ரெண்டாந்தரம் சொல்லியிருந்தால் நான் போயிருப்பன். நான் இல்லாட்டி விழாவே நிண்டுபோகும் எண்டு நினைச்சன். பிறகுதான் தெரிஞ்சுது, நான் கேட்ட அண்டே தலைவர் வேறை ஒருத்தனைக் கூப்பிட்டு ஆயத்தமாய் வைச்சிருந்தவர் எண்டு. எனக்கு ஒரு சொல்லுச் சொன்னவரோ? இல்லை.

தங்கச்சிக்குப் போன் எடுத்து, வாறன், வைச்சிருங்கோ எண்டன். அதிலை என்ன பிழை? வரத்தான் நினைச்சனான். அடுத்த நாள், நாளைக்கு பிளேன் எண்டன். அதற்கடுத்த நாள் ரோமிலை நிக்கிறன் எண்டன். பிறகு கொழும்பு. அவள் "கெதியாய் வாங்கோ அண்ணை" எண்டு சொல்லச் சொல்ல எனக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. அவள் ஒருக்கால் ஏசியிருந்தால், கத்தியிருந்தால், உண்மையைச் சொல்லியிருப்பன். அவள் கத்தேல்லை. அஞ்சாம் நாள் நான் எடுக்கேல்லை. எடுத்து என்னத்தைச் சொல்லுறது? அதுக்கு மேலை அம்மாவை வைச்சிருக்கேலாமல் சித்தப்பாவின்ர மகன் கொள்ளி வைச்சவன்.

சரி, மண்டபத்துக்கு வாறன். படம் முடிஞ்சு வெளிச்சம் போட, குகதாசன் எழும்பினார். அவருக்கு இத்தாலியன் என்னை விட நல்லாய் வரும். "இது பொய். எங்களிலை அப்பிடி ஒரு வழக்கம் இல்லை. பிணத்தை அஞ்சு நாள் வைச்சிருக்கிற சனமில்லை நாங்கள். அந்தக் குடும்பம் மூத்த மகனுக்காகக் காத்திருந்தது. மகன் வரேல்லை" எண்டு சொல்லி, கையை நீட்டி என்னைக் காட்டினார். "அந்தா நிக்கிறார்."

நானூறு தலை திரும்பிச்சுது. வாழ்க்கையிலை முதல் தரம் அந்த மண்டபத்திலை எல்லாரும் என்னைப் பாத்தது அண்டைக்குத்தான். என்ர மனிசி மட்டும் திரும்பேல்லை, மடியைப் பாத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குத் தெரிஞ்ச கதைதானே.

அடுத்த நாள் நான் அந்தோனெல்லாவிட்டைப் போனன். "அந்தத் திகதியளை அழிச்சுப்போடுங்கோ, கொழும்பு எண்டு கதைக்கிற துண்டை வெட்டுங்கோ, உங்களைக் கும்பிட்டன்" எண்டன். அவ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா, "லிங்கோ, நாங்கள் படத்தைத் தொடுறேல்லை. உனக்குத் தெரியாததே? அழிச்சால் அது வேறை ஒரு படம்." எனக்கென்ன தெரியாது! புதுசாய் வாற பெடியளுக்கு அதைச் சொல்லிக் குடுக்கிறதே நான்தான்.

"படத்தைத்தான் தொடமாட்டன், அட்டையைத் திருத்தலாம். நீ உண்மையை எழுதித் தா, நான் அதைப் போடுறன்" எண்டா. நான் எழுதித் தரமாட்டன் எண்டன். உண்மையை எழுதினால் ஊர் ஊராய்ப் போகுமல்லோ அது? குகதாசனோ சங்கத்தின்ர பேரிலை கடிதம் குடுத்திட்டார், வழக்கம் எண்டு போட்டிருக்கிறதை எடுக்காட்டி நகரசபைக்குப் போவம் எண்டு. என்னட்டையும் வந்து, "லிங்கண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கடை மானத்தைக் காப்பாத்த முழுச் சனத்தின்ர மானத்தையும் விக்கேலாது" எண்டிட்டுப் போனார். பாத்தியளோ கதையை? என்ர வீட்டிலை எத்தினை தரம் சாப்பிட்டிருப்பார்.

கடைசியிலை மனிசி சொன்னா, அந்தப் படத்திலை இருக்கிற பொம்பிளை உயிரோடை இருந்தால் அவவையே கேப்பம் எண்டு. குகதாசன் நம்பர் எடுத்துக் குடுத்தார். என்னட்டைக் கேக்கேல்லை.

நானும் தங்கச்சியும் அவ்வளவாய்க் கதைக்கிறேல்லை. அம்மா செத்த பிறகு நான் எப்ப எடுத்தாலும் சுகமோ எண்டு கேப்பாள், தானும் சுகம் எண்டுவாள், வைச்சிடுவாள். இருபது வருசமாய் அதுதான். ஏன் வரேல்லை எண்டு அவள் ஒருக்காலும் கேட்டதில்லை. கேட்டால்தானே நான் சொல்லலாம்.

மூண்டு நாளாலை அவளின்ர கடிதம் வந்தது. கொப்பித்தாளிலை எழுதி, போனிலை படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தமிழிலை. மனிசி அதை அச்சடிச்சுக் கொண்டுவந்து என்னட்டை நீட்டினா. வேறை ஆருக்கு அங்கை தமிழ் தெரியும்? "லிங்கோ, இது உனக்குக் கஸ்டம் எண்டால் வெளியிலை ஆரிட்டையும் குடுக்கிறன்" எண்டா. நான் செய்யிறன் எண்டன். வேறை ஒருத்தன் வாசிக்கிறதிலும் பாக்க நான் வாசிக்கிறது நல்லது எண்டு நினைச்சன். அவள் என்னைத் திட்டி எழுதியிருப்பாள், கொஞ்சம் தணிச்சு எழுதலாம் எண்டும் நினைச்சன், மறைப்பானேன்.

திட்டேல்லை. கடிதம் எனக்கு மனப்பாடம், சொல்லுறன்.

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. எங்கள் ஊரில் இறந்தவரை ஐந்து நாள் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. என் அம்மாவை நான் வைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார். வரவில்லை. அந்தப் படத்தை நீங்கள் எல்லோருக்கும் காட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை, அம்மாவை நாலு பேர் பார்க்கட்டும். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. வேறு எவருடைய பெயரும் போட வேண்டாம். இப்படிக்கு, ந. திலகவதி."

அவ்வளவுதான். தணிக்க அதிலை ஒரு இடமும் இல்லை. மேசையிலை வைச்சுத் திரும்பத் திரும்ப வாசிச்சன். எனக்கு முதல் வந்தது கோவம் தம்பி. என்ர பேரைப் போடவேண்டாம் எண்டு நான்தானே ஒரு மாதமாய் இவையளைக் கெஞ்சிறன்? நான் கேட்டதைத்தான் அவள் குடுத்திருக்கிறாள். பிறகேன் அந்தக் கோவம் எண்டு எனக்கு விளங்கேல்லை. சின்னனிலை அவளைச் சைக்கிள் பாரிலை இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் நான். ஒரே பிள்ளையாம்.

இத்தாலியனிலை எழுதிக் குடுத்தன். மனிசி கண்ணாடியைப் போட்டு வாசிச்சா. வாசிச்சு முடிச்சு, என்னைப் பாத்தா. அவ ஒரு காலமும் ஆளை நோகப் பேசமாட்டா, மெய்யாய் விளங்காமல்தான் கேட்டா.

"ஒரே பிள்ளை எண்டு எழுதியிருக்கிறா. சங்கத் தலைவர் நீதான் மகன் எண்டார். நான் அட்டையிலை என்ன போட? லிங்கோ, நீ ஆர்?"

மகன் எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு. அவ எழுதியிருப்பா, பேனை கையிலை இருந்தது. சொன்னால் திலகவதி பொய்க்காரியாய்ப் போயிடுவாளே எண்டு பாத்தன். அவளுக்காகத்தான் பாத்தன். சத்தியமாய்.

"நான் கடிதத்தை மொழிபெயர்த்தனான் எண்டு போடுங்கோ" எண்டன்.

இப்ப, மடியிலை இருக்கிற இந்தப் படம் முடிய, கறுப்புத் திரையிலை வெள்ளை எழுத்து வருது. அம்மாவின்ர பேர். அதுக்குக் கீழை திலகவதி, மகள். கொள்ளி வைச்ச சித்தப்பாவின்ர மகனின்ர பேரும் கேட்டு எடுத்துப் போட்டிருக்கினம். எல்லாத்துக்கும் கீழை, தமிழிலிருந்து மொழிபெயர்த்தவர் யோகலிங்கம் எண்டு. வெட்டாமல் முழுப் பேரும் போட்டிருக்கினம்.